ஷவர் குழாய் ஒழுகினால்: எங்கே, எப்போது என்று பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழிமுறை

ஷவர் ஒழுகத் தொடங்கியதும் பெரும்பாலோர் செய்வது, கைப்பிடியை இன்னும் ஒரு திருகு இறுக்கி மூடுவது. ஓரிரு நாள் சொட்டு நிற்கும். பிறகு முன்னைவிட வேகமாக ஒழுகும். இறுக்க இறுக்க உள்ளே வாஷர் நசுங்குகிறது. அது உட்காரும் பித்தளை விளிம்பும் தேய்கிறது. ஒரு வாஷரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, குழாயையே கழற்றும் வேலையாக வளர்வது இப்படித்தான். ஸ்பேனரை எடுக்கும் முன் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது.

நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டு. ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று வைத்தால், தினமும் 4 லிட்டருக்கு மேல் வீணாகிறது. வெந்நீர்ப் பக்கம் சொட்டினால் தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்து போகிறது.

முதலில் மூன்று கேள்விகள்

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாயையும் சுற்றியுள்ள சுவரையும் துடைத்துக் காயவிடுங்கள். காய்ந்த டிஷ்யூ பேப்பரை ஒவ்வொரு இணைப்பிலும் மேலிருந்து கீழாக ஒற்றிப் பாருங்கள். கசிந்த தண்ணீர் உலோகத்தின் மேல் ஓடி, தாழ்வான ஒரு விளிம்பில் திரண்டுதான் சொட்டும். அதனால் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறாக இருக்கலாம். பேப்பர் முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் கசியும் இடம்.

எப்போது வருகிறது? மூடிய பிறகும் ஷவர் தலையிலோ கீழ்க்குழாயிலோ சொட்டினால், தண்ணீரை அடைக்கும் பாகம் கெட்டிருக்கிறது: வாஷர் அல்லது கார்ட்ரிட்ஜ் (அடைக்கும் பாகங்கள் எல்லாம் ஒரே உறைக்குள் அடங்கிய துண்டு). திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியைச் சுற்றியோ ஷவர் கம்பியின் அடியிலோ கசிந்தால், அடைக்கும் பாகத்தின்மேல் தவறில்லை. ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கிளாண்ட் (கைப்பிடித் தண்டைச் சுற்றி நார் அடைத்து நட்டால் மூடிய இடம்) அல்லது மரை இணைப்புதான் காரணம். திறந்தாலும் மூடினாலும் ஒரே மாதிரி ஈரம் வந்தால், குழாய்க்கு முன்னால் உள்ள பைப்பையோ சுவருக்குள் இருக்கும் இணைப்பையோ சந்தேகியுங்கள்.

வெந்நீரா, குளிர்நீரா? இரண்டும் சேரும் மிக்ஸராக இருந்தால் வெந்நீர்ப் பக்க வால்வை மட்டும் மூடிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். தனி வால்வு இல்லையென்றால் கீஸருக்குள் தண்ணீர் போகும் வால்வை மூடலாம். அதற்கு முன் கீஸர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சொட்டு நின்றால் பழுது வெந்நீர்ப் பக்கம். நிற்காவிட்டால் குளிர்நீர்ப் பக்கம். இது தெரிந்தால் இரண்டு பக்கத்தையும் பிரிக்க வேண்டியதில்லை.

உங்கள் குழாய் எந்த வகை

பிரிக்காமலே கைப்பிடியைத் திருகிப் பார்த்துச் சொல்லிவிடலாம். முழுதாகத் திறக்க இரண்டு மூன்று சுற்று சுற்ற வேண்டியிருந்தால் உள்ளே ரப்பர் வாஷர். கால் சுற்றில் திறந்து, அதற்கு மேல் ‘டக்’ என்று நின்றுவிட்டால் பீங்கான் தகடு உள்ள ஸ்பிண்டில் (கைப்பிடியோடு சுழலும் தண்டுப் பாகம்). சில அரைச் சுற்று போகும். ஒரே லீவரை மேலே தூக்கித் திறந்து, பக்கவாட்டில் திருப்பிச் சூடு மாற்றுவதாக இருந்தால் சிங்கிள் லீவர் கார்ட்ரிட்ஜ். சூட்டுக்கு எண் போட்ட தனிக் கைப்பிடி இருந்தால் தெர்மோஸ்டாட் மிக்ஸர். அதன் சூட்டுப் பக்கத்துக் கார்ட்ரிட்ஜை அந்தத் தயாரிப்பின் கையேடு இல்லாமல் கழற்றாதீர்கள். திரும்பப் பொருத்தும்போது அளவு தவறினால் கொதிநீர் மேலே கொட்டும்.

பிரிக்கும் முன்

கீஸரை மின்பலகையிலேயே அணையுங்கள். மெயின் வால்வையும் கீஸர் வால்வையும் மூடுங்கள். பிறகு ஷவரையும் கீழ்க்குழாயையும் திறந்து பைப்பில் தேங்கிய தண்ணீர் முழுவதும் வடியும்வரை காத்திருங்கள். வடிந்த பிறகும் மெல்லிய கோடாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் மெயின் வால்வு சரியாக மூடவில்லை. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு போக வேண்டாம்.

தரையில் உள்ள வடிகால் ஓட்டையை ஒரு துணியால் அடைத்துவிடுங்கள். லீவரைப் பிடித்திருக்கும் திருகு அரிசி மணி அளவுதான் இருக்கும். வடிகாலில் விழுந்தால் திரும்பக் கிடைக்காது. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வரிசை மாறாமல் துண்டின் மேல் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவிகள்: விரியும் ஸ்பேனர் 2, ஆலன் கீ (2.5 மி.மீ., 3 மி.மீ. பெரும்பாலும் போதும்), நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், தட்டை ஸ்க்ரூ டிரைவர், டெஃப்லான் டேப், சிலிகான் கிரீஸ், வினிகர், பழைய பல் துலக்கி. குரோம் பூச்சின்மேல் ஸ்பேனர் வைக்கும்போது இடையில் துணி கொடுங்கள். பல் உள்ள பைப் ரிஞ்ச் குரோமுக்கு ஆகாது. ஒரே பிடியில் பூச்சு பிய்ந்துவிடும்.

ரப்பர் பாகங்களுக்கு வாசலின், கார் கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். குழாய்களில் உள்ள ரப்பரில் ஒரு பகுதி இபிடிஎம் வகை. அது பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் போய் மென்மையாகிவிடும். சிலிகான் கிரீஸ் இந்த வகை ரப்பருக்குத் தீங்கு செய்யாது, சூட்டிலும் உருகி ஓடாது.

அறிகுறி 1: மூடிய பிறகும் ஷவர் தலையில் சொட்டுகிறது

இது பழுதுதானா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். அகலமான மழை ஷவர் தலைக்குள் ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். மூடியதும் துளைகளின் வாயில் நீர்ப்பரப்பு இழுவிசை அதைப் பிடித்து வைத்திருக்கும். பிறகு ஏதோ ஒரு துளையில் காற்று புகும்போது திடீரென்று கொட்டும். குளித்து முடித்துப் பத்து நிமிடம் கழித்து ஒரு கொட்டு கொட்டிவிட்டு நின்றால் அது தேங்கிய தண்ணீர். மூடியதும் தலையைக் கையால் ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். மொத்தமும் கொட்டிவிட்டுக் காய்ந்துவிட்டால் குழாயில் குறையில்லை. ஒரு மணி நேரம் கழித்தும் ஒரே தாளத்தில் சொட்டினால்தான் பழுது.

இன்னொரு நிலை உண்டு. கீஸர் சூடாகும்போது மட்டும் சொட்டும், சூடு முடிந்ததும் நிற்கும். தண்ணீர் சூடானால் விரியும்: 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது 15 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 200 மில்லி கூடுகிறது. கீஸர் வாயில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு இருந்தால் அந்த அழுத்தம் பைப்பில் ஏறி, பலவீனமான அடைப்பு எதுவோ அதன் வழியாக வெளியேறும். அதாவது வெந்நீர்ப் பக்கத்து வாஷரோ கார்ட்ரிட்ஜோ தேயத் தொடங்கிவிட்டது. அதை மாற்றுங்கள். அதோடு விடாமல் கீஸரின் பாதுகாப்பு வால்வு அடைத்துக்கொள்ளாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். விரியும் தண்ணீருக்கு முறையான வழி அதுதான், ஷவர் அல்ல.

*ரப்பர் வாஷர் குழாய்*

கைப்பிடியின் நடுவில் உள்ள சிவப்பு அல்லது நீல மூடியை நெம்பி எடுத்து, திருகைக் கழற்றி, கைப்பிடியை நேராக இழுங்கள். வராவிட்டால் சுத்தியலால் தட்டாதீர்கள். வெந்நீர் ஊற்றி, இரு கட்டைவிரலாலும் பின்னாலிருந்து மாறி மாறித் தள்ளினால் உப்பு உடைந்து வரும்.

அடுத்து, குழாயை அரைப்பங்கு திறந்த நிலையில் வைத்துக்கொண்டு ஸ்பிண்டிலைப் பிடித்திருக்கும் ஆறுபட்டை நட்டைக் கழற்றுங்கள். இந்த ‘அரைப்பங்கு திறந்து’ என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூடிய நிலையில் கழற்றினால் வாஷர் விளிம்பில் அழுந்தியிருப்பதால் மரைக்குப் பாரம் ஏறும். திரும்ப மாட்டும்போதும் இதே விதிதான். மூடிய நிலையில் மாட்டி இறுக்கினால் புது வாஷர் முதல் நாளே வெட்டுப்படும். குழாய் சுவருக்கு வெளியே இருந்தால் ஒரு ஸ்பேனரால் உடலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். இல்லையென்றால் திருப்பும் விசை முழுவதும் சுவருக்குள் இருக்கும் எல்போவில் (பைப் வளையும் இடத்து இணைப்பு) இறங்கும்.

வெளியே எடுத்த வாஷரை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல வாஷரின் முகம் தட்டையாக இருக்கும். தேய்ந்ததில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகத்தை வைத்தால் சிக்கும். அந்தப் பள்ளம் சுற்றிலும் ஒரே ஆழத்தில் இருந்தால் வயதானது, அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் ஆழமாகவோ, குறுக்கே ஒரு வெட்டோ இருந்தால் விளிம்பில் குறை இருக்கிறது. வாஷரை மட்டும் மாற்றினால் சில வாரத்தில் மறுபடி ஒழுகும். ரப்பர் கறுத்துக் கையில் மையாக ஒட்டினால் சூட்டில் கெட்டது. வெந்நீர்ப் பக்கத்துக்கு வெந்நீர் தாங்கும் வாஷரைக் கேட்டு வாங்குங்கள்.

வாஷரைப் பிடித்திருக்கும் சிறு நட்டையோ திருகையோ கழற்றி, அதே விட்டமும் அதே தடிமனும் உள்ள புதிய வாஷரைப் போடுங்கள். சற்றுப் பெரியதைக் கத்தரித்துப் போடுவது நிலைக்காது. பிறகு சுண்டுவிரலைக் குழாய்க்குள் விட்டுப் பித்தளை விளிம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. ஓரிடத்தில் சொரசொரப்போ பள்ளமோ தட்டுப்பட்டால் விளிம்பைச் சீவும் கருவி தேவை. அதைக் குழாயில் திருகிப் பொருத்தி, மெல்ல அழுத்தி இரண்டு மூன்று சுற்று மட்டும் சுற்றுங்கள். பளபளப்பான முழு வளையம் தெரிந்தால் போதும். மேலும் சீவினால் விளிம்பு மெலிந்துவிடும். பித்தளைத் துகள் உள்ளே நிற்காமல் மெயின் வால்வை நொடி நேரம் திறந்து அலசிவிட்டுத்தான் ஸ்பிண்டிலைத் திரும்பப் போட வேண்டும்.

*கால் சுற்று பீங்கான் ஸ்பிண்டில்*

இதில் வாஷருக்குப் பதில் இரண்டு பீங்கான் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும். இரண்டையும் நனைத்து ஒட்டிவைத்தால் பிரிக்கக் கை வலிக்கும். அவ்வளவு வழவழப்பாகத் தேய்த்திருப்பார்கள். அந்த வழவழப்பே தண்ணீரை அடைக்கிறது. நடுவில் ஒரு மணல் துகள் சிக்கினால் தகட்டில் மயிரிழை போல ஒரு கீறல் விழும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தண்ணீருக்கு அதுவே வழி.

கழற்றுவது வாஷர் குழாயைப் போலத்தான். எடுத்ததும் அடிப்பக்கத்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பல நேரம் பீங்கான் நன்றாக இருக்கும். இந்த வளையம்தான் தட்டையாகிப் போயிருக்கும். வளையத்தை மட்டும் மாற்றினாலே சொட்டு நிற்கும். தகடுகளில் உப்புப் படிவு இருந்தால் அரை மணி நேரம் வினிகரில் ஊறவைத்து, பல் துலக்கியால் தேய்த்து, கழுவி, சிலிகான் கிரீஸை மெலிதாகத் தடவிப் பூட்டுங்கள். உப்புத்தாளோ கம்பி நாரோ வேண்டாம்.

கீறல் விழுந்திருந்தால் முழு ஸ்பிண்டிலையும் மாற்றுவதுதான் வழி. பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒப்பிட வேண்டியவை: மரையின் அளவு, கைப்பிடி மாட்டும் முனையில் உள்ள பற்களின் எண்ணிக்கை (20, 24 இரண்டும் பரவலாக உண்டு, கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், எண்ணித்தான் ஆக வேண்டும்), மொத்த உயரம், திறக்கும் திசை. வெந்நீர், குளிர்நீர் ஸ்பிண்டில்கள் பல மிக்ஸர்களில் எதிரெதிர்த் திசையில் திறப்பவை. மாற்றிப் போட்டால் ஒழுகாது, ஆனால் கைப்பிடி தலைகீழாக வேலை செய்யும்.

*சிங்கிள் லீவர்*

லீவரின் முன்னாலோ அடியிலோ உள்ள சிறு மூடியை எடுத்தால் உள்ளே ஆலன் திருகு இருக்கும். அதை முழுதாகக் கழற்ற வேண்டாம். இரண்டு சுற்றுத் தளர்த்தினாலே லீவர் கையோடு வரும். அடுத்து குரோம் குவிமூடி. அது பெரும்பாலும் கையாலேயே கழலும். அதன் அடியில் கார்ட்ரிட்ஜை அழுத்திப் பிடித்திருக்கும் பித்தளை நட்.

இங்கே நிறுத்தி அந்த நட்டை இறுக்கிப் பாருங்கள். எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் அது எளிதாகத் திரும்பினால், தளர்ந்து போனதுதான் ஒழுகலுக்குக் காரணம். இறுக்கி, தண்ணீரைத் திறந்து சோதித்துவிட்டு மேற்கொண்டு போகலாம். கார்ட்ரிட்ஜே வாங்காமல் முடிகிற வேலை இது.

நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி, கார்ட்ரிட்ஜை நேராக மேலே இழுங்கள். விட்டத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள்: 35 மி.மீ., 40 மி.மீ. இரண்டும்தான் அதிகம் புழக்கத்தில் உள்ளவை. விட்டம் ஒத்தால் மட்டும் போதாது. அடியில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் முளைகளின் இடம், மூன்று ஓட்டைகளின் அமைப்பு, லீவர் மாட்டும் சதுரத் தண்டின் தடிமனும் உயரமும் ஒத்திருக்க வேண்டும். தண்டு 2 மி.மீ. உயரமாக இருந்தாலும் குவிமூடி உட்காராது.

புதியதைப் போடும் முன் குழாயின் உட்குழியை விரலில் துணி சுற்றித் துடையுங்கள். கார்ட்ரிட்ஜின் அடி ரப்பர்கள் அழுந்தும் தரை அதுதான். ஒரு உப்புக் கட்டி அங்கே ஒட்டியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். முளைகள் அவற்றின் பள்ளத்தில் இறங்கியதும் கார்ட்ரிட்ஜ் ஆடாமல் நிற்கும். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் எட்டில் ஒரு சுற்று, மிஞ்சினால் கால் சுற்று. அதற்கு மேல் போனால் லீவர் கல்லாகிவிடும். பிளாஸ்டிக் உறை விரிசல் விடும்.

புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டும் சொட்டுகிறது

கடையில் கொடுத்தது போலி என்று முடிவு கட்டும் முன் இவற்றைப் பாருங்கள். பைப்பை அலசாமல் மாட்டினீர்களா? வால்வை மூடித் திறந்ததில் உதிர்ந்த துருவும் உப்பும் முதல் ஓட்டத்திலேயே புதுத் தகடுகளுக்குள் போய்ச் சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவி மாட்டினால் சிலவேளை சரியாகும், கீறல் விழுந்துவிட்டால் ஆகாது. அடி ரப்பர்களில் ஒன்று மடங்கியோ நழுவியோ இருக்கிறதா? சிலிகான் கிரீஸ் ஒரு பொட்டு வைத்து ஒட்டிவிட்டால் கவிழ்க்கும்போது விழாது. குழாய் உடலிலேயே மயிரிழை விரிசல் இருக்கிறதா? உறைபனி விழும் இடங்களில் பைப்பில் தேங்கிய தண்ணீர் உறைந்து விரிவதால் இது நடக்கும். விரிசல் விட்ட உடலை எந்தப் பசையும் காப்பாற்றாது.

அழுத்தத்தையும் கணக்கில் எடுங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஷவருக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் தொட்டி இருக்கும் வீட்டில் ஷவருக்கு 0.3 பார் கிடைக்கும். அங்கே பழுதுக்கு அழுத்தம் காரணமாக இருக்காது. உயரமான அடுக்குக் கட்டடத்தின் கீழ்த்தளங்களிலும், அழுத்தம் ஏற்றும் பம்பு வைத்த வீடுகளிலும் 5 பாரைத் தாண்டினால் கார்ட்ரிட்ஜ்கள் அடுத்தடுத்துப் போகும். அப்போது மாற்ற வேண்டியது கார்ட்ரிட்ஜ் அல்ல. பைப்பில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைக்க வேண்டும்.

அறிகுறி 2: குளிக்கும்போது மட்டும் கைப்பிடியைச் சுற்றிக் கசிகிறது

வாஷர் குழாயில் இது கிளாண்ட் பழுது. கைப்பிடியை எடுத்துவிட்டு, தண்டைச் சுற்றியுள்ள மேல் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி, பழைய நாரைக் கொக்கிக் கம்பியால் சுரண்டி எடுத்து, டெஃப்லான் டேப்பைக் கயிறாக முறுக்கித் தண்டைச் சுற்றி நான்கைந்து சுற்று சுற்றி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் உள்ளே அமுக்கி நட்டைப் போடுங்கள். கைப்பிடி சற்றே பிகுவாகத் திரும்ப வேண்டும். பீங்கான் ஸ்பிண்டிலில் தண்டின் ஓ-ரிங். அளவு ஒத்தது கிடைத்தால் மாற்றுங்கள், இல்லையேல் ஸ்பிண்டிலையே மாற்றுங்கள். சிங்கிள் லீவரில் கார்ட்ரிட்ஜ் நட் தளர்வு அல்லது கார்ட்ரிட்ஜ் தேய்வு.

சுவருக்குள் பதித்த கன்சீல்டு குழாயில் இந்தக் கசிவை அலட்சியம் செய்யவே கூடாது. வெளியே ஒரு சொட்டு தெரிந்தால், வட்டத் தகட்டுக்குப் பின்னால் சுவருக்குள் பல சொட்டு இறங்கிக்கொண்டிருக்கும். தகட்டை நகர்த்தி டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தத் தகட்டைச் சுற்றிச் சிலிகான் பூசும்போது கீழே ஒரு விரல் அகலம் பூசாமல் விடுவது நல்ல பழக்கம். உள்ளே கசிந்தால் அந்த வழியாக வெளியே வந்து உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி 3: ஷவரைத் திறந்தால் கீழ்க்குழாயிலும் தண்ணீர் வருகிறது

டைவர்ட்டர் பழுது. தண்ணீரை ஷவருக்கோ கீழ்க்குழாய்க்கோ திருப்பிவிடும் பாகம் அது. இழுக்கும் குமிழ் வகையில் தண்ணீரின் அழுத்தம்தான் குமிழை மேலே பிடித்து நிறுத்துகிறது. அழுத்தம் குறைவான வீட்டில் நல்ல டைவர்ட்டர்கூட நழுவிக் கீழே விழும், அது பழுதில்லை. அழுத்தம் போதுமான அளவு இருந்தும் நழுவினால், தண்டின் அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கும் அல்லது உப்பு ஏறியிருக்கும். ஷவரில் தண்ணீர் போகும்போது கீழே மெல்லிய இழையாக வருவதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பாதித் தண்ணீர் கீழே போனால் குமிழின் மேல் நட்டைக் கழற்றி, தண்டை வெளியே எடுத்து, வினிகரில் ஊறவைத்து, ரப்பரை மாற்றிச் சிலிகான் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். திருகும் வகை டைவர்ட்டரில் உள்ளே தனிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். மாற்றும் முறை மேலே சொன்னதுதான்.

அறிகுறி 4: ஷவர் கம்பியின் அடியிலோ கைஷவர் குழலிலோ கசிவு

கைஷவர் குழலின் நட்டுகளுக்கு டெஃப்லான் தேவையில்லை. உள்ளே இருக்கும் தட்டை ரப்பர் வாஷர்தான் அடைக்கிறது. அதை மாற்றிக் கையால் இறுக்கினால் போதும். டெஃப்லானைச் சுற்றி இறுக்கினால் பிளாஸ்டிக் கைஷவரின் மரை பிளக்கும்.

சுவரிலிருந்து வரும் ஷவர் கம்பியில் நிலை வேறு. அங்கே மரையே அடைக்க வேண்டும். கம்பியைக் கழற்றி, பழைய டேப்பைப் பிய்த்து, மரையைத் துலக்குங்கள். மரை முனை உங்களை நோக்கியிருக்க, கடிகாரம் ஓடும் திசையில் டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது உரிந்து வந்துவிடும். முதல் மரையை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் சுற்றினால் டேப் துண்டு தண்ணீரோடு போய் ஷவர் துளைகளை அடைக்கும். மெல்லிய டேப் என்றால் அரை அங்குல மரைக்கு 8 முதல் 10 சுற்று. மரை தளர்வாக இருந்தால் இன்னும் சில.

இறுக்கும்போது கம்பி நேராக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டால் பின்னோக்கித் திருப்பி நேராக்காதீர்கள். பின்னால் திருப்பியதும் டேப்பின் பிடி விட்டுவிடும், கசிவு நிச்சயம். கழற்றி, இரண்டு சுற்றுக் கூட்டியோ குறைத்தோ மறுபடி செய்யுங்கள். சுவருக்குள் இருப்பது சிபிவிசி பைப்பும் பித்தளை மரை பதித்த எல்போவுமாக இருந்தால் கையில் இன்னும் நிதானம் வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் பித்தளை தாங்கும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் வெடிக்கும், டைல்ஸை உடைக்காமல் அதைத் தொட முடியாது.

அறிகுறி 5: கைப்பிடி கடினமாகிறது, அல்லது வெறுமனே சுற்றுகிறது

கடினமாவது உப்பும் கிரீஸ் வறட்சியும். கழற்றிக் கழுவிக் கிரீஸ் தடவினால் தளரும். வெறுமனே சுற்றினால் கைப்பிடியின் உட்பற்கள் மழுங்கிவிட்டன. பற்கள் பிளாஸ்டிக்கில் இருந்தால் கைப்பிடியை மாற்றுங்கள். இடைக்காலத்துக்கு, தண்டின் பற்கள்மேல் டெஃப்லான் இரண்டு சுற்று சுற்றிக் கைப்பிடியை அழுத்தி மாட்டினால் சில நாள் ஓடும்.

அறிகுறி 6: திறக்கும்போது அதிர்கிறது, உறுமுகிறது

பாதி திறந்த நிலையில் மட்டும் உறுமினால் வாஷர் தன் நட்டில் தளர்ந்து ஆடுகிறது. இறுக்குங்கள் அல்லது மாற்றுங்கள். சட்டென்று மூடும்போது சுவருக்குள் ‘தடார்’ என்று அடித்தால் அது ஓடும் தண்ணீர் திடீரென்று நின்று மோதும் ஓசை. கால் சுற்றுக் குழாய்களில் இது அதிகம். மெதுவாக மூடுங்கள், பைப்பைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்புகள் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள்.

அறிகுறி 7: குழாய் காய்ந்திருக்கிறது, சுவர் மட்டும் நனைகிறது

டைல்ஸை உடைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள் மூன்று. அவசரப்பட்டு உடைப்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தைத்தான் உடைக்கிறார்கள்.

முதலில், வீட்டின் எல்லாக் குழாய்களையும் மூடி, கழிப்பறைத் தொட்டிக்குப் போகும் வால்வையும் மூடி, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துவைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு ஒரு இரவு விடுங்கள்; தொட்டி பெரிதாக இருந்தால் சிறு கசிவு மட்டத்தில் தெரியாமல் போகலாம். மீட்டர் நகர்ந்தாலோ மட்டம் இறங்கினாலோ சப்ளை பைப்பில் கசிவு. இரண்டும் அசையவில்லை என்றால் அடுத்த சோதனை.

ஷவர் தலையைக் கழற்றி, கம்பியின் வாயில் அரை அங்குல மூடியைத் திருகி, ஷவர் பக்கத்தைத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். இப்போது குழாய்க்கு மேலே போகும் பைப்பிலும் கம்பியின் இணைப்பிலும் அழுத்தம் நிற்கிறது. சுவரில் ஈரம் கூடினால் பழுது அந்த மேல்பைப்பில். பெரும்பாலும் கம்பி மாட்டும் எல்போவில். அது டெஃப்லான் வேலையோடு முடிய வாய்ப்புண்டு.

அதிலும் ஒன்றும் இல்லையா? மூடியை எடுத்துவிட்டு, கம்பியில் ஒரு குழலை மாட்டி, சுவரில் ஒரு துளிகூடப் படாமல் வாளிக்குள் பத்து நிமிடம் தண்ணீரை விடுங்கள். அடுத்த நாள் வழக்கம்போலக் குளியுங்கள். முதல் நாள் காய்ந்திருந்து இரண்டாம் நாள் நனைந்தால் பைப்பில் எந்தக் குறையும் இல்லை. டைல்ஸ் இடுக்குச் சாந்தோ, குழாய்த் தகட்டைச் சுற்றிய சிலிகானோ, தரை மூலையோ தண்ணீர் குடிக்கிறது. அதற்குக் குழாயை மாற்றிப் பயனில்லை.

முழுக் குழாயையும் மாற்றுவது எப்போது, எப்படி

உடலில் விரிசல், சீவ முடியாத அளவுக்குப் பள்ளம் விழுந்த விளிம்பு, மழுங்கிப் போன உள்மரை, பாகம் எங்கேயும் கிடைக்காத பழைய தயாரிப்பு: இவற்றில் ஒன்று இருந்தால் மாற்றிவிடுங்கள். சுவருக்கு வெளியே இருக்கும் மிக்ஸரை நீங்களே மாற்றலாம். கன்சீல்டு உடலை மாற்ற டைல்ஸ் உடைக்க வேண்டும்; அது அனுபவமுள்ள பிளம்பருக்கான வேலை. உள்ளே உள்ள கார்ட்ரிட்ஜை மாற்றுவதுவரை உங்கள் எல்லை.

வெளி மிக்ஸருக்குச் சுவரில் வரும் இரு முனைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 150 மி.மீ. இருப்பது பரவலான அளவு. வளைந்த இணைப்புத் துண்டுகள் இரண்டையும் எதிரெதிராகத் திருப்பி இந்த இடைவெளியைச் சில மில்லிமீட்டர் கூட்டிக் குறைக்கலாம். பழைய மிக்ஸரின் இரு பெரிய நட்டுகளையும் மாறி மாறித் தளர்த்துங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டால் முழு எடையும் மற்றொன்றில் தொங்கும். வளைதுண்டுகளுக்குப் புதிதாக டெஃப்லான் சுற்றி, இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை திருகி, ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

இந்த நிலையில் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு மெயின் வால்வை மெல்லத் திறந்து இரு முனைகளையும் அரை நிமிடம் ஓடவிடுங்கள். வரும் தண்ணீர் முதலில் கலங்கலாகவும் பிறகு தெளிவாகவும் இருக்கும். அந்தக் கலங்கல் முழுவதும் புதுக் கார்ட்ரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டியது. பிறகு சுவர் ஓட்டையை மறைக்கும் வட்டத் தகடுகளை மாட்டி, மிக்ஸரின் நட்டுகளுக்குள் ரப்பர் வாஷர்களை வைத்துக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று இறுக்குங்கள். இங்கே டெஃப்லான் வேண்டாம்; வாஷர் அடைக்கும்.

மெயின் வால்வை மெதுவாகத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் ஒற்றுங்கள். கீஸர் வால்வைத் திறந்து, வெந்நீர்ப் பக்கத்தைத் திறந்துவையுங்கள். முதலில் காற்றும் தண்ணீரும் கலந்து துப்பும். இடைவெளி இல்லாமல் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகே கீஸர் சுவிட்சைப் போடுங்கள். உள்ளே தண்ணீர் நிறையாமல் சூடேற்றினால் கம்பிச்சுருள் எரிந்துபோகும்.

ஷவர் தலையில் உப்பு ஏறியிருந்தால்

பழுது பார்க்கும் நாளிலேயே இதையும் முடித்துவிடலாம். ரப்பர் துளைகளைக் கட்டைவிரலால் தேய்த்தாலே உப்பு உதிரும். விடாவிட்டால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, தலையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். இரவு முழுவதும் விட்டால் குரோம் மங்கலாம். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். பூச்சையும் அடியில் உள்ள பித்தளையையும் அரித்துவிடும். வினிகர் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் திரவம் ஒரு சொட்டும் சேரக் கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது ஆபத்து. தலையைத் திரும்ப மாட்டும் முன் வெறும் கம்பியில் சில நொடி தண்ணீரை ஓடவிட்டு, தலையின் வாயில் உள்ள வலையையும் கழுவிப் போடுங்கள்.